பாரிஸுக்கும் தவளக்குப்பத்துக்கும் ரெண்டு நிமிஷம்

எனக்குப் பாட்டுப் பைத்தியமெல்லாம் கெடையாதுங்க. குளிக்கும்போது முனகுறதோட சரி. அதனால, “உங்கள் கணக்கு 8.10க்குப் பாரிஸிலும் 8.12க்குப் புதுச்சேரியிலும் பாட்டு கேட்டிருக்கிறது, வி.பி.என். போட்டு ஊரை மறைத்தது ஏன்?”னு உங்க பாட்டுக் கம்பெனி மெயில் அனுப்பிக் கணக்கை முடக்கினப்போ எனக்குக் கோவமே வரலை. காத்தடிச்சுக் கரண்டு போச்சு, வி.பி.என். அணைஞ்சுபோச்சு. அவ்ளோதான்.

ஆனா பதினாலு நாள்ல விளக்கம் தரலைன்னா, கணக்கு எந்தெந்த ஊர்ல தொறந்துச்சுங்குற பட்டியலை உரிமையாளருக்கு அனுப்பிடுவோம்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சதும்தான் இதை எழுத ஒக்காந்தேன். எங்க ரெண்டு பேர் கணக்கும் ஒரே குடும்பத் திட்டம், அதோட உரிமையாளர் என் சம்சாரம் சிந்தியா. உப்பளத்துல இருக்கா. புருஷன் ரெக்ஸ் ரெண்டு வருஷமா பாரிஸ்ல வேலை பாக்குறான்னு நம்பிக்கிட்டிருக்கா. நான் எட்டு கிலோமீட்டர் தள்ளி, தவளக்குப்பத்துல செல்போனுக்கு டிஸ்பிளே மாத்திக்கிட்டிருக்கேன்.

ஏமாத்தணும்னு செய்யலைங்க. விசா இல்லைன்னு தெரிஞ்ச அன்னிக்குத் தெருமுனையில என் படம் போட்ட பேனர் நிக்குது, பின்னாடி ஈஃபில் டவரு. கோயில்ல எனக்காகப் பூசை வெச்சாச்சு. பிரியாணி அண்டா அடுப்புல ஏறியாச்சு. அந்த நேரத்துல போய் அதைச் சொல்றது மரியாதையா இருக்குமா? எல்லார்கிட்டயும் ஆசீர்வாதம் வாங்கிக்கிட்டு சென்னை பஸ் ஏறினேன். ஊர் எல்லையில கோரிமேட்டுல எறங்கி, திரும்பி வந்து, கடலூர் பஸ்ஸைப் புடிச்சேன்.

நாலு நாள் கழிச்சு வீட்டுக்குப் போயிடலாம்னுதான் இருந்தேன். பேனரை யாரும் அவுக்கவே இல்லை.

பாட்டு எதுக்குன்னா, நான் இருக்குற ரூமு கடலூர் ரோட்டை ஒட்டினது. வீடியோ கால்ல பஸ் ஹாரன் காதைக் கிழிக்கும். அதை அமுக்க பிரெஞ்சுப் பாட்டு. நான் போட்ட பாட்டெல்லாம் அங்க இருந்தாத்தான் தொறக்கும், அதனால வி.பி.என். மத்தபடி நேரமெல்லாம் சரியாத்தான் கடைப்பிடிச்சேன். அவளுக்கு மதியம்னா எனக்குக் காலைன்னு கொட்டாவி விடுவேன். மே மாசத்துலயும் ஸ்வெட்டர்தான்.

“இன்னா தம்பி, இந்த வெயில்ல கம்பளி போட்டுக்குனு ஒக்காந்திருக்க, ஜுரமா?”ன்னு வீட்டுக்கார தையல்நாயகி அக்கா கேட்டுச்சு.

“வேலைக்கா”ன்னேன். பொய் இல்லையே.

போன வருஷம் சிந்தியா தவளக்குப்பம் மீன் மார்க்கெட்டுக்கே வந்துட்டா. ஐஸ் பெட்டிக்குப் பின்னாடி குந்திக்கிட்டேன். ஒரு கை தூரந்தான். ரொம்ப எளைச்சிருந்தா. சங்கரா வாங்கினா. சாயங்காலம் போன்ல “இன்னா கொழம்பு?”ன்னேன். “சங்கரா”ன்னா. எனக்குப் பெருமையா இருந்துச்சு, என்கிட்ட அவ எதையும் மறைக்கிறதே இல்லை.

என் அம்மா செத்தப்பவும் நான் போகலைன்னு சொல்ல முடியாதுங்க. கல்லறைக்கு எதிர்த்த டீக்கடையில ஹெல்மெட்டோட நின்னு, அடக்கத்தை வீடியோ கால்ல முழுசாப் பார்த்தேன். சிந்தியாதான் போனைப் புடிச்சுக்கிட்டு நின்னா. அவளையும் நேர்ல பார்த்தேன், போன்லயும் பார்த்தேன்.

இப்ப விஷயம் என்னான்னா, அவ பிரெஞ்சு கத்துக்கிட்டு, டீச்சர் வேலையை விட்டுட்டு, தானே விசாவும் வாங்கிட்டா. என்னை வேணாம்னு சொன்ன ஊரு, அவளை வான்னுடுச்சு. திங்கக்கெழமை விமானம். “ஏர்போர்ட்டுக்கு வந்துடுவ இல்ல?”ன்னு கேட்டா. “வராம?”ன்னேன்.

நெசத்தைச் சொல்லலாம்தான். ஆனா ரெண்டு வருஷமா இவ்ளோ சந்தோஷமா அவ குரலை நான் கேட்டதில்லை. அதைக் கெடுக்க மனசு வரலை. தவிர, அவ கெளம்பிட்டா உப்பளம் வீடு காலிதான். சாவி இன்னும் என்கிட்டதான் இருக்கு. நானும் எத்தனை நாளைக்குத்தான் வாடகை ரூம்ல கெடக்குறது?

ஆகவே, பட்டியலைத் திங்கக்கெழமை வரைக்கும் நிறுத்தி வெச்சாப் போதும். என் கணக்கை வேணும்னா மூடிடுங்க, தப்பு என்னுதுதான். சிந்தியாவோடது மட்டும் செவ்வாக்கெழமையிலேர்ந்து பாரிஸ்ல தொறக்கும். வி.பி.என்.னு நெனைச்சு அதையும் தடுத்துடாதீங்க. பொய் சொல்லத் தெரியாதவ, நெசமாவே அங்கதான் நின்னுக்கிட்டிருப்பா.