தமிழ் அறிவிப்பு மட்டும் பாக்கி

அட உக்காருங்க சார், அதுக்குள்ள பேனாவ மூடுறீங்க? நாப்பத்தாறு ரூம்லயும் ஏணி போட்டு ஏறிப் பாத்துட்டீங்க. கூரைக்குக் கூரை புகை கண்டுபிடிக்கிற டப்பா இருக்கா? இருக்கு. ஊதுபத்தி காட்டுனீங்க, கத்துச்சா? கத்துச்சு. அடுப்படியில மட்டும் சூட்டுக்குக் கத்துறது போட்ருக்கேன். புகைக்குக் கத்துறத அங்க மாட்டுனா கருவாடு வறுக்குற அன்னைக்கெல்லாம் உங்க தீயணைப்பு வண்டி வந்து நிக்கும். இந்தக் காண்ட்ராக்டர் ஒச்சப்பன் படிச்சது ரெண்டாங்கிளாஸ்தான். ஆனா உங்க விதிப் புத்தகத்த ஒருத்தன வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் ஒயரத் தொட்டேன்.

என்னது? வர்றேன் சார், தமிழ் அறிவிப்புக்குத்தான வர்றேன். மொதல்ல டீயக் குடிங்க.

நீங்க அறிவிப்ப அஞ்சு பாஷைல கேட்டீங்க. நான் மூணுல முடிப்போம்னேன். நாலுல வந்து நின்னோம். நாயமான பேரந்தான. ஹிந்தி நம்ம எலக்ட்ரீசியன் பேசுனான், ரேடியோ நியூஸ் மாதிரி. பெங்காலி இந்த முதியோர் இல்லத்துச் சமையக்காரர். எறங்கி வாங்கன்னு மட்டும் சொல்லுய்யான்னா, பல்செட்ட மறந்துராதீங்கன்னு சேத்துச் சொல்லிட்டாரு. தெலுங்கு நர்ஸம்மா. தமிழ் ஒண்ணுதான பாக்கி? பாதிக்கு மேல முடிஞ்சா பாஸ்தான சார், எந்தப் பள்ளிக்கூடத்துலயும்?

கோவப்படாதீங்க. கோவம் எனக்குத்தான் சொந்தம் இந்த ஊர்ல.

போன மாசத் தீ ஒத்திகைய நீங்க நேர்ல பாக்கல. டெலானிபூர் ஆபீஸ்ல உக்காந்து ரிப்போர்ட்டு மட்டுந்தான் படிச்சீங்க. நான் பாத்தேன். ராஜகுமாரி மேடம், அதான் இந்த இல்லத்து மேனேஜரு, பட்டன அமுக்குனாங்க. மணி அடிச்சுச்சு. சாப்பாட்டு ரூமுக்கு வர அர மணி நேரம் எடுக்குற பெருசுக, எழுவத்திரெண்டு உருப்படியும், விறுவிறுன்னு மேல ஏறிருச்சுக. மேல சார், மொட்டமாடிக்கு! ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை, உள்ள ரேஷன் கார்டு, பிஸ்கட்டு. விசாலாட்சியம்மா வாக்கரோட ஏறுச்சு. ஏறி, தண்ணித் தொட்டியப் புடிச்சுக்கிட்டு, கடல் பக்கமாப் பாக்குதுக, அலை வருதான்னு.

நான் முத்தத்துல நின்னு தீ, தீன்னு கத்துறேன். மேலருந்து, அரே ஒச்சப்பன், பாகல் ஹை க்யா, ஊப்பர் ஆவோன்னு, பைத்தியமாடா மேல வாடான்னு, என்னையத் திட்டுறாங்க. ஒரு தாத்தா சேலை ரெண்ட முடிச்சுப் போட்டு எனக்குத் தொங்க விட்டாரு, புடிச்சு ஏறுடான்னு. ரெண்டு மணி நேரம் எறங்கல. மத்தியானச் சோறும் மேல போச்சு.

நீங்க எழுதுனீங்க, குடியிருப்போர் தவறான திசையில் சென்றனர்னு. அந்தப் புத்தகத்த எழுதுன மெயின்லேண்டு ஆளு, சுண்டல் தின்னுக்கிட்டேதான் கடலப் பாத்திருப்பாரு. மணி அடிச்சா கீழ ஓடணும்ங்கிறாரு. இங்க அந்தமான்ல இருக்குறது சுனாமி பாத்த சனம் சார். பாதிப் பேரு வண்டூர்க் கடக்கரைல வீடு வாசல தண்ணிக்குக் குடுத்தவுக. மணி அடிச்சா மேலதான் ஓடும்.

சரி, அதுக்கு மருந்தும் நீங்கதான் சொன்னீங்க. மணியோட மனுசக் குரலும் வரணும், தீப்பிடிச்சிருக்கு, கீழ வாங்கன்னு. நல்ல மருந்து. இல்லைங்கல. செவ்வாக்கிழம மூணு பாஷையும் போட்டுப் பாத்தோம். ஹிந்திக்காரவுக, பெங்காலி, தெலுங்கு எல்லாம் கல்யாண வீட்டுக்கு வர்ற மாதிரி வரிசையா எறங்கி முத்தத்துல நின்னாங்க. தமிழ்ப் பெருசுக பத்தொம்பதும் மொட்டமாடில.

தெரியும் சார். நெசத் தீயா இருந்தா அந்தப் பத்தொம்பதும் கருகிரும். சர்ட்டிபிகேட் இல்லன்னா இல்லத்துக்கே பூட்டு. எத்தன தடவ சொல்லுவீங்க? எனக்கென்ன மண்டையில களிமண்ணா?

சந்திரமோகன்னு நம்ம கிட்ட வேல பாக்குற பய பேசிப் பாத்தான். கிரிக்கெட் கமெண்ட்ரி மாதிரி இருக்கு, பெருசுக சிரிக்குதுக. அப்புறம் ஜெனரேட்டர் சத்தம். அப்புறம் எனக்குத் தொண்ட கட்டிக்கிச்சு.

என்ன, நானே பேசணுமா? நான் கத்துறது மூணு மாடிக்கும் கேக்கும்தான். அதுக்காக? நான் பேச மாட்டேன். முடியாதுன்னா முடியாது! கையெழுத்துப் போடாட்டிப் போங்க, பேப்பரக் கிழிச்சு காத்துல விடுங்க!

...இருங்க. போயிறாதீங்க சார். சத்தம் போட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க. டீ ஆறிருச்சு, வேற சொல்லவா? வேண்டாமா.

ஒண்ணுமில்ல சார். கார்நிக்கோபார்ல அப்ப நான் ரெண்டு மாடிக் குவாட்டர்ஸ் கட்டிக்கிட்டிருந்தேன். நாங்களும் அதோட மேல் மாடிலதான் குடியிருந்தோம். ஞாயித்துக்கெழம காலைல பூமி ஆடுச்சுல்ல, நான் வெளிய நிக்கேன். கட்டுன எனக்கே செவுத்து மேல நம்பிக்க இல்ல. கீழ வாங்க, எல்லாரும் கீழ எறங்கி மைதானத்துக்கு வாங்கன்னு கத்துனேன். கொத்தனாரு, சித்தாளு, அஞ்சு பேரு எறங்குனாங்க. எம் பொண்டாட்டி சுசீலா, நான் ஒரு சொல்லு சொன்னா ஒம்பது கேள்வி கேப்பா. அன்னைக்கு ஒரு கேள்வி கேக்கல. உடனே எறங்கி வந்தா. அப்புறம்தான் தண்ணி வந்துச்சு. நான் மட்டும் தென்னமரத்துல தொத்திக்கிட்டேன். அந்த மேல் மாடி நனையக்கூட இல்ல சார்.

இந்தாங்க மைக்கு. உங்களுக்கும் தமிழ்தான. இந்தச் செவப்புப் பட்டன அமுக்கிட்டு ரெண்டே ரெண்டு வார்த்த, நீங்களே நிதானமாப் பேசிருங்க. நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னுக்கிறேன். முடிஞ்சதும் உங்க டிரைவர ஒரு ஹார்ன் அடிக்கச் சொல்லுங்க.