டாக்டர் குலசேகரம் மீது கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவது குறித்து

என் பெயர் ஷேக் அலாவுதீன், வயது அறுபத்தாறு, பினாங்கு சூலியா தெருவில் பணமாற்றுக் கடை வைத்து, அதன் மேல்மாடியில் குடியிருக்கிறேன்.

இந்த 1993ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்து என் மனைவி ருக்கையா குளியலறையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு நொறுங்கியதால், டாக்டர் குலசேகரம் அறுவை செய்து கம்பி வைத்துத் திருகாணி போட்டார். எலும்பு இற்றுப்போன பலகை போல் இருக்கிறது, எழுந்தால் பெல்ட் போட வேண்டும், குனியவே கூடாது என்றார். அதன் பிறகு வீட்டில் நன்றாகத்தான் நடந்தாள். ஆனால் சென்ற வாரம் கால் மரத்து, செருப்பு கழன்று விழுந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. எக்ஸ்ரே படம் எடுத்ததில் திருகாணிகள் எலும்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. நான் முன்கோபி. டாக்டரின் அலட்சியம் என்று அன்றே இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்தேன்.

நேற்று அவள் அழுதாள். "பெல்ட்டுக்கு உள்ளே தோலு வச்சிருக்காங்க. பன்னித் தோலா இருந்தா தொழுக கூடாதேன்னு கழட்டினேங்க. டாக்டர்கிட்ட கேக்கச் சங்கடமா இருந்துச்சு." ஐந்து வேளையும் கழற்றிவிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்து தொழுதிருக்கிறாள். நோயாளி நாற்காலியில் தொழலாம் என்று அவளுக்குத் தெரியும். நடக்க முடிகிறதே, பிறகென்ன சாக்கு என்று நினைத்தாளாம்.

அதன் பிறகு டாக்டரிடம் ஓடினேன். "மாட்டுத் தோல்தான் அண்ணே. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் லா" என்றார். இந்த எலும்பில் பெல்ட் போட்டிருந்தாலும் ஆணி கழன்றிருக்கலாம் என்றும் சொன்னார். ஆகவே இது என் மனைவியின் குற்றம் என்று எழுத வேண்டாம்.

நாளைக் காலை அவரே மறுபடி அறுவை செய்கிறார். தவறினால் இடுப்புக்குக் கீழே விளங்காது. வேறு டாக்டரிடம் காட்டக் கோலாலம்பூர் வரை கொண்டுபோக அவள் உடம்பு தாங்காது. பதறிய காரியம் சிதறும் என்பார்கள், நான் பதறிவிட்டேன். புகாரை எடுத்துவிடுங்கள்.

யாராவது மிரட்டினார்களா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். யாரும் மிரட்டவில்லை. புகாரை எடுத்துவிடுகிறேன் என்று நான் சொன்னதற்கு, "எடுத்தாலும் எடுக்காட்டியும் நான் போடப்போற தையல் ஒண்ணுதான் அண்ணே" என்றார் டாக்டர். அப்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது.

மேலதிகாரி ஒப்பமிட ஒரு வாரம் ஆகும் என்கிறார் இன்ஸ்பெக்டர். அப்படியானால் இந்தத் தாளின் நகலையாவது இப்போதே கொடுங்கள். டாக்டர் கத்தியைத் தொடுமுன் அவரிடம் காட்ட வேண்டும்.

நான் சொன்னதை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அத்தனையும் உண்மை, மாற்ற எதுவுமில்லை.

(ஒப்பம்) ஷேக் அலாவுதீன்