இரண்டு மாதமும் ஒரே சிதறல்

– கையெழுத்துதானே அத்தான், போடறேன். காலியாக் கிடக்கற தண்ணித்தொட்டியை நாளைக்கு நிரப்பணும், அதுக்கு என் சான்றிதழ் வேணும், புரியுது. ஒண்ணு மட்டும் கேக்கறேன். தூணுல இருக்கற விரிசலை தினமும் நீங்களேதான் அளந்தீங்களா?

– பின்னே, உங்க அக்காவா ஏணி போட்டு ஏறுவா? அட விடும்மா. ரெண்டு மாச ரீடிங் குடுத்திருக்கேன். விரிசல் அடங்கிப்போச்சுன்னு நீயே கிராஃப்ல கோடு போட்டுப் பாத்துட்டே. அப்புறம் என்ன?

– கோடு நல்லாத்தான் பொருந்துது. காப்பி அடிச்சவன் விடைத்தாள் மாதிரி, ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. அதான் உறுத்துது.

– நல்லா இருந்தாலும் சந்தேகமா? உங்க குடும்பமே இப்படித்தான்.

– திரையைப் பாருங்க. ஒரு கமாண்ட் அடிக்கறேன். ஒவ்வொரு ரீடிங்லேர்ந்தும் கோட்டைக் கழிச்சுட்டு, மிச்சத்தை மட்டும் வரையும். கொஞ்சம் மேல, கொஞ்சம் கீழ, இந்தச் சிவப்புச் சிதறல் ஜனவரி. அது மேலயே பிப்ரவரியை நீலத்துல வரையறேன்.

– கடைசி மூணு புள்ளி தவிர சிவப்பையே காணோமே.

– பிப்ரவரிக்கு மூணு நாள் கம்மி. மத்த இருபத்தெட்டும் நீலத்துக்கு அடியில இருக்கு. ஒரு முடி அளவு கூட விலகல.

– ஒரே கை, விரிசல் மேல ஒட்டின ஒரே கேஜ். தப்பும் ஒரே மாதிரிதாம்மா வரும்.

– கை அதே வரிசையில ரெண்டு மாசம் நடுங்குமா? இந்த சாஃப்ட்வேர்கிட்ட ஏதோ கொஞ்சம் நம்பரைச் சிதறிக் குடுன்னா குடுக்கும். ஆனா மூடித் திறந்தா, பாடம் ஒப்பிக்கற மாதிரி முதல்லேர்ந்து அதையேதான் குடுக்கும். இது தெரியாம போன வருஷம் நானே முழிச்சேன்.

– என்னைத் திருடங்கறியா?

– ஏணியில ஏறலைங்கறேன், இதுலயே நம்பர் எடுத்து எழுதிட்டீங்க. தொட்டிக்குக் கீழ இருந்த குவார்ட்டர்ஸை ஜனவரியில ஏன் காலி பண்ணீங்க? கொசுன்னு அக்காகிட்ட சொன்னீங்க. இன்னும் அங்கயே இருக்கற மத்த நாப்பது வீட்டுலயும் கொசு கடிக்கலையா?

– மெதுவாப் பேசு. வாசல்ல பியூன் இருக்கான்.

– கேஜ் எங்க அத்தான்?

– விழுந்துடுச்சு. டிசம்பர்லயே. அஞ்சு மில்லிமீட்டர் வரைக்கும்தான் அது தாங்கும்.

– இப்ப விரிசல் எவ்வளவு இருக்கும்?

– என் கட்டைவிரல் உள்ள போகுது. அப்பவே எழுதாம ஏன் விட்டேன்னு கேப்பாங்க, வேலை போயிடும். தொட்டி காலிதானே, எப்படியும் இடிச்சுட்டு வேற கட்டுவாங்கன்னு நெனச்சேன்.

– சரி. காலியா இருக்கறவரைக்கும் பொழைச்சோம். என் கையெழுத்து இல்லாம ஒரு சொட்டு ஏறாது, மேலிடத்துல நானே பேசிக்கறேன். ஆனா காலையிலேர்ந்து போடு போடுன்னு ஏன் என் உயிரை எடுத்தீங்க? நாளைக்குத்தானே நிரப்பறாங்க?

– இல்லம்மா. என் மச்சினிதான், கண்டிப்பாப் போட்டுடுவான்னு நான் சொன்னதை நம்பி, இன்னைக்குக் காலையில ஆறு மணிக்கே மோட்டாரைப் போட்டுட்டாங்க.