வெயிலில் காய்ந்த தோட்டாக்கள்

அந்த வெடியின் சத்தம் சிறியதாக இருந்தது. அதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் மேடையேறினேன். ஆனால் மேடைக்கென்று ஒரு முறை இருக்கிறதாம். ஆகவே, அன்றைய போட்டியின் நடுவரும் இன்றைய அவையின் தலைவருமான ஹயாத்து முகம்மது ஹாஜியார் அவர்களே, நம் குறிசூட்டுக் கழகத்தின் செயலாளர் ஜப்பார் நானா அவர்களே, பந்தலின் நிழல் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வெயில் பக்கத்தில் அமர்த்தப்பட்டிருக்கும் தாய்மார்களே, முதல் வரிசையிலிருந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் தோழி ஹஃபீலாவே, எல்லோருக்கும் என் ஸலாமும் வணக்கமும்.

நான் நிஸ்மியா. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். கழகத்து மைதானத்தில் களிமண் தட்டுகளை வானில் வீசும் இயந்திரத்தின் கயிற்றை இழுப்பவள். நான் இழுப்பேன், பிள்ளைகள் சுடுவார்கள். பேச்சு எனக்கு வராது. பாதுகாப்பைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். நம் கழகத்தின் பாதுகாப்பைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் தாராளம்.

நம் கடற்கரையில் காயாத பொருள் உண்டா? நெத்தலி காய்கிறது, சூடை காய்கிறது, வெங்காயம் காய்கிறது. அப்படியிருக்க, மாரி மழையில் ஜப்பார் நானாவின் மீன்வாடிக் கொட்டில் ஒழுகி, அங்கே வைத்திருந்த கழகத்துத் தோட்டாப் பெட்டி நனைந்தபோது அவர் வேறென்ன செய்வார்? நனைந்த தோட்டாவை நம்பாதே, ஒதுக்கி வை என்கிறது விதி. அவரோ ஒரு படி மேலே போனார். கருவாட்டுப் பாயில், நெத்தலிக்குப் பக்கத்தில், தோட்டாக்களை வரிசையாகப் பரப்பினார். நடுப்பகலில் ஒருமுறை புரட்டியும் விட்டார். எத்தனை அக்கறை, எத்தனை அன்பு! ஒரு தோட்டாவையாவது காகம் கொத்தியதா? இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்று அந்தப் பாயைப் பார்த்து நானும் சிரித்துவிட்டுப் பேசாமல் போனவள்தான். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

பிறகு இறுதிப் போட்டி வந்தது; காய்ந்த தோட்டாக்களும் பெட்டியில் ஏறி வந்தன. இன்னும் இரண்டு தட்டுகளை உடைத்தால் ஹஃபீலா கொழும்புப் போட்டிக்குத் தெரிவாவாள். நான் இழுத்தேன், அவள் சுட்டாள். காது அதிர வேண்டிய நேரத்தில், சோடாப் போத்தல் திறந்ததுபோல ஒரு சத்தம். தட்டு உடையாமல் தென்னந்தோப்பில் விழுந்தது. அடுத்த தட்டை வீசச்சொல்லி ஹாஜியார் கை காட்டினார். அவள் துவக்கின் குழலை மடித்துத் திறந்து, சுட்ட தோட்டாவின் வெறுங்கூட்டை எடுத்துவிட்டு அடுத்த தோட்டாவைப் போட்டாள்.

வெடிமருந்து ஈரத்தில் முழுதாக எரியாவிட்டால், தோட்டாவுக்குள் குண்டுகளைத் தள்ளும் தக்கை குழலை விட்டு வெளியேறாது. அது நடுவில் அடைத்திருக்க, அடுத்த வெடி எங்கே போகும்? வழியில்லாத வெடி வழியை உண்டாக்கிக்கொள்ளும். அவளுடைய இடது கை பிடித்திருக்கும் இடத்தில், அவளுடைய முகத்துக்கு முன்னால், குழல் கிழியும்.

"ஹஃபீலா, சுட வேணாம். தொவக்க அந்தப் பக்கமே காட்டிட்டு நில்லு."

அது என் குரல்தான். மைதானத்தில் அதை முதன்முதலாகக் கேட்டவர்களில் நானும் ஒருத்தி.

நேரம் போகிறது என்று ஹாஜியார் மணிக்கூட்டைக் காட்டினார். ஜப்பார் நானா சொன்னதை அப்படியே சொல்கிறேன், கோபிக்கக் கூடாது: "சத்தம் கொறஞ்சா நல்லம்தானே புள்ள, அவட தோள் நோகாது. கயிறு இழுக்குறவ இப்ப தொவக்குக்கும் பாடம் படிச்சுக் குடுக்குறாவா?"

ஹஃபீலா என்னைப் பார்த்தாள், பிறகு துவக்கைப் பார்த்தாள். தோட்டாவை வெளியே எடுத்து, பின்பக்கமாகக் குழலுக்குள் கண் வைத்தாள். வெளிச்சம் தெரிய வேண்டிய இடத்தில் இருட்டு. தடியால் குத்த, தக்கை மணலில் விழுந்தது. நேரமும் முடிந்திருந்தது. தோட்டாவைப் பற்றிய விதியை மறந்த கழகத்துக்கு நேரத்தைப் பற்றிய விதி மனப்பாடம். கொழும்பு போனது. அன்றிலிருந்து அவள் என்னோடு கதைப்பதில்லை.

கதைக்காமல் இருக்கட்டும். முறைக்கட்டும். இரண்டு கண்களாலும் முறைக்கட்டும். தாய்மார்களே, உங்கள் பிள்ளைக்கு முறைக்கக் கண் வேண்டுமா, மேசையில் வைக்க வெற்றிக் கிண்ணம் வேண்டுமா? பிள்ளைகளே, சத்தம் மாறினால் நில்லுங்கள். சத்தமே வராவிட்டாலும் நில்லுங்கள். துவக்கை இலக்குப் பக்கமே காட்டி, அறுபது வரை எண்ணி, பிறகு திறவுங்கள். யார் சிரித்தாலும், யார் மணி பார்த்தாலும், எந்தப் பெரியவர் எந்தக் கதிரையிலிருந்து கை காட்டினாலும், நில்லுங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. ஸலாம் சொல்லி இறங்குமுன் அன்றைய மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். தக்கை மணலில் கிடக்கும்போதே அடுத்த பிள்ளையின் பெயரை வாசித்தார்கள். ஜப்பார் நானா அதே பெட்டியை எடுத்து அவளிடம் நீட்டினார். நான் நடுவில் போய்ப் பெட்டியை வாங்கினேன். கை கழுவ வைத்திருந்த தண்ணீர் வாளிக்குள் எல்லாத் தோட்டாக்களையும் கொட்டினேன்.