முப்பது நிமிட விடை

சட்டத் தேர்வுக்குப் படித்தால் மட்டும் போதாது, எழுதிப் பார்க்க வேண்டும். அதுவும் கடிகாரம் வைத்து எழுத வேண்டும். இதை எனக்குச் சொன்னவன் வளன்தான். நல்ல யோசனை. அவன்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு, அம்மா.

வாக்குமூலம் தரக் கட்டாயமில்லை என்று நடுவர் என்ற முறையில் நீங்கள் எச்சரித்தீர்கள். அந்த விதியும் எனக்கு மனப்பாடம்.

அப்பா விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருக்கிறார். நானும் வளனும் ஆன் மேரியும் ஒரே சட்டக் கல்லூரி. தேர்வு விடுமுறையில் பட்டறையின் பின்னறையில் சேர்ந்து படிப்போம். சட்டப் புத்தகத்து எடுத்துக்காட்டுகளில் வரும் ஆட்களுக்குப் பெயர் இருக்காது, வெறும் எழுத்துதான். மனதில் நிற்காது. அதனால் தெரிந்தவர்கள் பெயரைப் போட்டுக்கொள்வோம். பழமலையின் ஆட்டை விருத்தகிரி ஓட்டிப்போனால் என்ன குற்றம் என்று ஒருவர் கேட்க, மற்றவர் சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டே படிப்போம்.

குற்றவியல் தாளில் நான் மூன்று முறை தோற்றவன். சட்டம் மாறிய பிறகும் என் கை பழைய பிரிவு எண்களையே எழுதியது. இந்த முறையும் தவறினால் படிப்பை விட்டுவிட்டு மண் பிசைய வரச் சொல்லியிருந்தார் அப்பா.

வியாழக்கிழமை வளன் ஒரு கேள்வி எழுதி வந்து வாசித்தான். ஆன் மேரிக்கு முன்னால் வளன் ராஜ்மோகனை மண்டு என்கிறான். ராஜ்மோகன் அவனைக் கொல்கிறான். இது கொலையா, திடீர்க் கோபம் என்று தண்டனை குறையுமா? ராஜ்மோகன் என்பது நான்.

முந்நூறாவது பிரிவின்படி என்று தொடங்கினேன்.

"நூத்தியொண்ணுடா. உங்கப்பா சூளையில எல்லாத்தையும் வேக வெச்சாரு, உன் தலைய மட்டும் வுட்டுட்டாரு. இன்னும் பச்ச மண்ணாவே இருக்குது."

"சும்மா இரு வளன், பாவம்" என்றாள் ஆன் மேரி. பிறகு அவளும் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. பூசை முடிந்து நேராக வந்தான் வளன், வெள்ளைச் சட்டையில். அன்று படிப்பு இல்லை என்று ஆன் மேரிக்கு நான் சொல்லியிருந்தேன். அவன் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தான்.

"எங்க வுட்டோம், பச்ச மண்ணு?"

பிள்ளையார் பொம்மைக்கான பிளாஸ்டர் அச்சு இரண்டு பாதியாக இருக்கும். முதல் பாதி அவன் பின்மண்டையில் உடைந்தது. அவன் திரும்பி, "மோகா" என்றான், ஏதோ கேட்பதுபோல. இரண்டாம் பாதி உடையவில்லை. ஏழு அடி வரை எண்ணினேன்.

கையைக் கழுவிக்கொண்டு அவன் கேள்விக்கு விடை எழுத உட்கார்ந்தேன். கடிகாரம் வைத்து முப்பது நிமிடம். முதல் இருபது நிமிடம் அவன் மூச்சுச் சத்தம் கேட்டது. இடையில் எழுந்தால் கணக்கில் சேராது என்பது அவன் வைத்த விதி. எழவில்லை. பிரிவு எண்கள் ஒன்றுகூடத் தப்பவில்லை. போலீஸ் அந்தத் தாளை உங்களிடம் தந்திருப்பார்கள்.

திடீரென மூண்ட கடுங்கோபம், ஆகவே கொலை ஆகாது. அதுதான் என் விடை.

முன்பே திட்டமிட்டதா என்று கேட்கிறீர்கள். இல்லை அம்மா. ஈர அச்சாக இருந்தால் அடிக்கும்போது உதிர்ந்துவிடும் என்று அதை வெயிலில் காய வைத்தேன், அவ்வளவுதான். கோபம் திடீரென்றுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அது வரும் என்று வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும்.