இரண்டு பேருக்கான படகு

2024 நவம்பர் 17, ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, மோகனூர் காவிரியில் பதினாறு அடி நீளப் பாய்மரப் படகு ஒன்று இறக்கப்பட்டது. ஓட்டியவர் என் கணவர் செங்கோட்டையன், வயது அறுபத்து மூன்று.

சின்னப் படகில் வசதிகள் உண்டு. எஞ்சின் இல்லை, டீசல் இல்லை, டிரைவருக்குப் படி இல்லை. ஒரு பாய், ஒரு சுக்கான், ஒரு அடுப்பு. புருஷன் பெண்டாட்டிக்குப் போதும் என்று அவர் தினமும் சொல்வார். நானும் மறுத்ததில்லை. நாமக்கல்லில் நாற்பது வருடம் லாரிகளுக்கு பாடி கட்டியவர். பட்டறையை மூடிய பிறகு, படகிலேயே குடியிருக்கும் வெள்ளைக்காரத் தம்பதிகளை செல்போனில் பார்க்க ஆரம்பித்தார். அவர்கள் சண்டை போட்டு நான் பார்க்கவில்லை. நடுக்கடலில் அவர்களை வீடியோ எடுப்பது யார் என்றுதான் யோசித்தேன்.

மிச்சமிருந்த தகட்டில் இவரும் ஒன்று கட்டினார். மஞ்சள் பெயின்ட், திருஷ்டிப் பொம்மை, பின்னால் 'ஹாரன் அடிக்கவும்'. லாரியைக் கழுவினால் தண்ணீர் வடிய வேண்டும். அந்தப் பழக்கத்தில் படகின் அடியிலும் விரல் நுழையும் ஓட்டை போட்டுவிட்டார். பழைய வெல்டர் கருப்பண்ணன் குனிந்து பார்த்தான்.

"ஏனுங்க, லாரின்னா தண்ணி வெளிய போகும். இதுல உள்ளயல்லங்க வரும்?"

இவர் அசரவில்லை. மழைத்தண்ணீர் தேங்கக்கூடாது என்றார். ஒரு ரப்பர் தக்கை செய்து, ஓட்டை தெரியாமல் மேலே பலகை போட்டார். தக்கை அடைக்கும் பொறுப்பு எனக்கு. சமையலைத் தவிர அதில் எனக்கிருந்த வேலை அது ஒன்றுதான்.

அக்டோபரில் ஒருநாள் சோறு பிசைந்துகொண்டே, வீட்டை விற்கப் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். நான் கல் சுமந்து கட்டிய வீடு. பத்திரம் அவர் பெயரில். நான் எங்கே இருப்பது என்று கேட்டேன்.

"படகுலதான் கண்ணு. ரெண்டு பேருக்கு எதுக்கு ஆறு ரூமு?"

அந்தப் படகின் அறையில் நிமிர்ந்து உட்கார முடியாது. கக்கூஸ் என்பது படுக்கைக்கு அடியில் ஒரு வாளி. நான் கோபப்படவில்லை. எதையும் யோசித்துச் செய்கிறவள்.

படகை இறக்கிய அன்று பூஜை போட்டோம். சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழங்களைப் படகுக்கு அடியில் வைத்து நசுக்கினார். தக்கை என் இடுப்பு முடிச்சில் இருந்தது. அடைத்தாயிற்றா என்று கேட்டார். ஆச்சுங்க என்றேன். மிதவைச் சட்டை போட்டோவில் நன்றாக இருக்காது என்றேன். கழற்றி என்னிடம் கொடுத்தார். முதல் ஓட்டம் டிரைவர் தனியாகத்தான் போக வேண்டும் என்று நான் சொன்னதும் சிரித்துக்கொண்டே ஏறினார்.

நடு ஆற்றில் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அவருக்கு நீச்சல் தெரியாது. கல்யாணமான புதிதில் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

இதைக் கொலை என்பது அதிகம். ஓட்டை போட்டவர் அவர். நான் அடைக்கவில்லை, அவ்வளவுதான். விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். காரியத்தையும் அந்த வீட்டு வாசலிலேயே குறையில்லாமல் செய்தேன்.

தை மாதம், அப்பா கடைசியாகக் கொடுத்த வாக்கு தவறக்கூடாது என்று மகன் மோகன்குமார் அவர் பேசி முடித்திருந்த அதே ஆளுக்கு வீட்டை விற்றான். பங்காளிகள் எல்லாரும் அதுதான் முறை என்றார்கள். வேண்டாம் என்பதற்கு என்னிடம் சொல்லக்கூடிய காரணம் இல்லை. பத்திரத்தில் முதல் கையெழுத்து நான் போட்டேன்.