சீலைக்கொடியை நம்பிக் கடலுக்கு

எனக்கு எழுபத்துமூன்று வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். படிப்பு அவ்வளவாக இல்லை. ஆனால் காதில் விழுந்ததைப் பிசகாமல் சொல்லுவேன்; பேத்தி எழுதிக்கொள்கிறாள்.

கீரிமலை பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு பெண்ணும் அவள் தம்பியும் இருந்தார்கள். அவள் மடியில் புது நைலோன் கயிறு.

"என்ரை சீலைக்கொடியை நம்பியெல்லோ உன்ரை அத்தான் கடலுக்குப் போறார்!"

"என்னக்கா கதைக்கிறாய்?"

"பாய்ப்படகுக்கு அடியிலை இறக்கிற நடுப்பலகையைத் தூக்கிற கயிறு தேய்ஞ்சு போச்சு. நான் புதுசு வாங்கி வாறதுக்கிடையிலை, முத்தத்துக் கொடிக்கயித்தை அவிட்டுக் கட்டிப்போட்டு, உழவு மெசினிலை படகை இழுத்துக்கொண்டு போயிட்டார்."

"கட்டினால் என்ன? கயிறு கயிறுதானே."

"வெயிலிலை உக்கின கயிறடா! உன்ரை ஈரச் சாரத்தையே தாங்கேல்லை. அறுந்தால் பலகை தண்ணிக்குள்ளை இறங்கினபடி நிக்கும். கரைக்கு வரேக்கை கல்லிலை அடிச்சுப் படகு பிரளும்."

"அத்தான் நீந்துவார்தானே."

"ஓம், உரும்பிராய்க் கிணத்துக்குள்ளை!"

தம்பி சிரிக்கவில்லை. எழும்பிச் சாரதியிடம் போனான்.

"அண்ணை, கொஞ்சம் கெதியாய் விடுங்கோ."

கடற்கரையில் பஸ் நின்றது. நானும் அவர்களுக்குப் பின்னால் இறங்கினேன். படகு இன்னும் மணலில், தன் இரண்டு சில்லு வண்டிலிலேயே இருந்தது. பக்கத்தில் நின்ற அவள் புருஷன் கையில் இரண்டு துண்டுக் கயிறு.

"சும்மா இழுத்துப் பாத்தன். அறுந்துபோச்சு," என்றார்.

அவள் அப்படியே மணலில் குந்திவிட்டாள். அந்த இரண்டு துண்டையும் வாங்கிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"இனிச் சீலையை எங்கை காயப்போடுறது?"

பிள்ளை, இதை எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. அவள் கடைசியாய்க் கேட்டதை மட்டும் மெதுவாய் வாசி.